முதலில் வீடு, அப்புறம் நாய்: மைன்கிராஃப்டில் செல்லப்பிராணி வளர்க்கும் வழி

என் முதல் நாய் உயிரோடு இருந்தது இரண்டே நாள். மைன்கிராஃப்ட் என்ற, கனசதுரக் கட்டைகளால் (பிளாக்) ஆன கணினி விளையாட்டின் நாள் கணக்கில் சொல்கிறேன். அங்கே ஒரு நாள் என்பது 20 நிமிடம், ஆக மொத்தம் 40 நிமிடம். மணி என்று பெயர் வைத்திருந்தேன். வைரம் தேடி ஆழத்தில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஆள் மட்டும் நுழையும் அகலம். மணி என் காலோடு ஒட்டி வந்தான். முன்னால் இருந்த ஒரு பிளாக்கை உடைத்ததும் ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தது. லாவா மெதுவாகத்தான் வழியும், அதனால் நான் பின்வாங்கித் தப்பித்தேன். நான் நின்ற இடத்தில் அவன் நின்றிருந்தான். திரையின் ஓரத்தில், மணி லாவாவில் நீந்த முயன்றான் என்ற பொருளில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

அந்த வரியை நீங்கள் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விலங்கைப் பழக்குவது எப்படி என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். அது சில நிமிட வேலை. பழக்கிய விலங்கை நூறு நாள் கழித்தும் வீட்டில் பார்ப்பதுதான் கடினம். அதற்கான ஏற்பாடுகளைப் பழக்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கீழே உள்ள முதல் இரண்டு படிகளையும் வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

எண்கள் கணினிக்கு மட்டும் உள்ள ஜாவா பதிப்பை வைத்துச் சொன்னவை. கைபேசியிலும் கன்சோலிலும்கூட ஓடும் பெட்ராக் பதிப்பிலும் பெரும்பாலும் இதே முறைதான். பெரிய வித்தியாசம் உள்ள இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. எலும்பைத் தேடும் முன் இடத்தைத் தயார் செய்யுங்கள்

உள்ளே 7க்கு 7 பிளாக் இடம், 3 பிளாக் உயரம், மேலே கூரை. நாய் பூனைக்கு இது தாராளம். கூரையை விட்டுவிடாதீர்கள். இடி மின்னல் வரும்போது திறந்த வெளியில் நிற்கும் விலங்கின் மேல் மின்னல் விழலாம்.

அடுத்தது வெளிச்சம். 1.18 பதிப்பிலிருந்து ஜாம்பி, அம்பு எய்யும் எலும்புக்கூடு, அருகில் வந்து வெடிக்கும் கிரீப்பர் போன்ற எதிரிகள் வெளிச்ச அளவு 0 உள்ள இடத்தில்தான் தோன்றும். ஒரு டார்ச் தரும் வெளிச்சம் 14, ஒவ்வொரு பிளாக் தள்ளிப் போகும்போதும் 1 குறையும். அறைக்குள் நான்கு மூலையிலும் ஒவ்வொன்று வைத்துவிட்டால் போதும். நிறையப் பேர் உள்ளே வைத்துவிட்டு வெளியே மறந்துவிடுகிறார்கள். சுவரை ஒட்டி வெளியே இருட்டாக இருந்தால் கிரீப்பர் அங்கேயே தோன்றும், நீங்கள் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து வெடிக்கும். வீட்டைச் சுற்றி பத்துப் பிளாக்குக்கு ஒரு டார்ச் வீதம் நட்டுவிடுங்கள்.

தரையில் கள்ளிச்செடி, தீமூட்டிய கேம்ப்ஃபயர், திறந்த லாவா எதுவும் அலங்காரத்துக்காகக்கூட இருக்க வேண்டாம். ஹார்ட் என்ற கடின நிலையில் ஆடுகிறீர்கள் என்றால் மரக்கதவை ஜாம்பி உடைத்துவிடும், இரும்புக் கதவு போடுங்கள்.

குதிரைக்கு அறை வேண்டாம், வேலி போதும். வேலியின் உயரம் கணக்குக்கு ஒன்றரை பிளாக், ஆள் ஏறாத குதிரை அதைத் தாண்டாது. வேலிக் கதவைத் திறந்து மூடும் நேரத்தில்தான் விலங்குகள் வெளியே ஓடுகின்றன. இதற்கு ஒரு வழி உண்டு. வேலியின் ஒரு தூணின் மேல் ஒரு துண்டு கம்பளம் வையுங்கள். நீங்கள் அதன்மேல் குதித்து உள்ளே போகலாம், விலங்குகளுக்கு அந்த வழி தெரியாது. கதவே தேவைப்படாது.

உங்கள் கட்டிலையும் அதே வீட்டில் போட்டு ஒருமுறை படுத்துவிடுங்கள். எங்கே இறந்தாலும் இங்கேதான் எழுவீர்கள். இது ஏன் முக்கியம் என்று கடைசியில் சொல்கிறேன்.

2. செலவுக்கணக்கு

இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஓநாய்க்கு எலும்பு கொடுத்தால் ஒவ்வொரு எலும்புக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் மூன்று எலும்பு போதும் என்று தோன்றும். போதாது. மூன்றும் வீணாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம். நான் முதல்முறை நான்கு எலும்போடு போனேன், நான்கும் வீணாயின. இருட்டும் நேரத்தில் காட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். 12 எலும்பு இருந்தால் தோற்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதனால் ஒரு நாய்க்கு 12 எலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எலும்புக்கூட்டைக் கொன்றால் 0 முதல் 2 எலும்பு கிடைக்கும். ஒன்றிரண்டு இரவு வேட்டையாடினால் சேர்ந்துவிடும்.

பூனைக்கும் அதே மூன்றில் ஒன்று கணக்குதான். பச்சை காட் மீன் அல்லது பச்சை சால்மன், 12. சமைத்த மீன் செல்லாது. தூண்டிலில் மாட்டும் பஃபர் மீனும் வண்ண வெப்பமண்டல மீனும் பூனையைப் பழக்க உதவாது. தூண்டில் செய்ய 3 குச்சி, 2 நூல். ஒவ்வொரு முறையும் மீன் கடிக்க 5 முதல் 30 விநாடி ஆகும், மழை பெய்தால் கொஞ்சம் சீக்கிரம். மொத்தத்தில் பத்து நிமிடத்துக்குள் 12 மீன் வந்துவிடும்.

கிளிக்கு விதை. ஜாவாவில் ஒரு விதைக்குப் பத்தில் ஒரு வாய்ப்புதான், பெட்ராக்கில் மூன்றில் ஒன்று. 30 விதை கொடுத்தும் படியாமல் போகும் வாய்ப்பு 4 சதவீதம் இருக்கிறது. புல்லை வெட்டினாலே கோதுமை விதை கிடைக்கும், 64 விதை கொண்ட ஒரு முழு அடுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

குதிரையைப் பழக்க எதுவுமே வேண்டாம். ஆனால் சேணம் இல்லாமல் அதை ஓட்ட முடியாது. 2025 ஜூனில் வந்த 1.21.6 பதிப்பிலிருந்து 3 தோல், 1 இரும்புக் கட்டி வைத்து நாமே சேணம் செய்துகொள்ளலாம். அதற்கு முந்தைய பதிப்பில் ஆடினால் பெட்டிகளிலும் மீன்பிடிப்பிலும் வியாபாரியிடமும்தான் தேட வேண்டும். பழைய வழிகாட்டிகள் சேணத்தைச் செய்யவே முடியாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கயிறும் அப்படியே. முன்பு ஸ்லைம் என்ற எதிரி விடும் உருண்டை வேண்டும், இப்போது 5 நூல் இருந்தால் 2 கயிறு கிடைக்கும்.

3. ஓநாயை நாயாக்குவது

ஓநாய்கள் சாதாரணக் காட்டிலும் டைகா என்ற குளிர்க்காட்டிலும் அதிகம். 2024இல் வந்த 1.20.5இலிருந்து இடத்துக்கு ஒரு நிறம், மொத்தம் ஒன்பது வகை. டைகாவில் வெளிர் நிறம், சாதாரணக் காட்டில் பழுப்பு, சவானா மேட்டில் புள்ளி போட்டது, குரோவ் பனிச்சரிவில் வெள்ளை. நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. முதல் நாய்க்கு நிறம் தேடி அலையாமல், வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பழக்குங்கள்.

போகும்போது விடியற்காலையில் கிளம்புங்கள். பகல் 10 நிமிடம்தான், போய்வர அது சரியாக இருக்கும்.

கையில் எலும்பை எடுத்துக்கொண்டு அருகில் போய் ரைட் கிளிக் செய்யுங்கள். சாம்பல் புகை வந்தால் படியவில்லை, இன்னொன்று கொடுங்கள். இதயம் பறந்தால் படிந்துவிட்டது. உடனே உட்கார்ந்துவிடும், கழுத்தில் சிவப்புப் பட்டை வரும். காட்டு ஓநாய்க்கு உயிர் அளவு 4 இதயம்தான். நாயானதும் அது 20 இதயமாகிவிடும்.

கையில் எலும்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு கிளிக்குக்கு முன்பும் பாருங்கள். வாளோடு இடது பட்டனை அழுத்திவிட்டால் அந்தக் கூட்டமே உங்கள் மேல் பாயும். கோபத்தில் இருக்கும் ஓநாய் எலும்பைத் தொடாது. அப்படி ஆகிவிட்டால் திருப்பி அடிக்காதீர்கள், ஓடி விலகி வேறு கூட்டத்தைத் தேடுங்கள். பக்கத்தில் ஆட்டை வெட்டும்போது கை தவறி இப்படி ஆவதுதான் அதிகம்.

பலரோடு சேர்ந்து ஆடுகிறீர்கள் என்றால் இதையும் நினைவில் வையுங்கள். யார் கொடுத்த எலும்பில் படிந்ததோ அவர் மட்டுமே உரிமையாளர். நண்பருக்குப் பரிசாகப் பழக்கிக் கொடுக்க முடியாது. அவரையே அழைத்துப் போய் அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

4. உட்கார், எழுந்திரு

மணி செத்தது இது தெரியாமல்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரைட் கிளிக் செய்தால் நாய் உட்காரும், மறுபடி செய்தால் எழும். எழுந்து நிற்கும் நாய் உங்கள் பின்னாலேயே வரும். 12 பிளாக்குக்கு மேல் இடைவெளி வந்தால் சட்டென்று உங்கள் பக்கத்தில் தோன்றும். உட்கார்ந்திருக்கும் நாய் எங்கும் வராது. அடித்தளமே இந்த ஒரு வேறுபாடுதான்.

நாய் வர வேண்டிய இடங்கள் குறைவு. இரவில் எலும்புக்கூடுகளோடு சண்டை போடும்போது அது தங்கம். எலும்புக்கூடுகள் நாயைக் கண்டாலே ஓடும். சமவெளியில் நடக்கும்போதும் கூட்டிப் போகலாம். மற்றபடி வீட்டை விட்டுக் கிளம்பும்போது உட்காரவைத்துவிட்டுப் போவதுதான் என் வழக்கம்.

கீழ்க்கண்ட நேரங்களில் கட்டாயம் உட்கார வையுங்கள்:

சுரங்கத்துக்குள் இறங்கும்போது. வைரம் அதிகம் கிடைக்கும் அதே ஆழத்தில்தான், ஒய் என்ற உயர எண் மைனஸ் 54க்குக் கீழே, குகைப் பள்ளங்களில் லாவா நிறைந்திருக்கும். குறுகிய சுரங்கத்தில் நாய்க்கு விலக இடமில்லை.

கிரீப்பரோடு மோதும்போது. நாய் கிரீப்பரைத் தாக்காது. ஆனால் உங்கள் பக்கத்தில் நிற்பதால் வெடிப்பில் அதுவும் மாட்டும்.

வாசல் வழியாக நெதர் என்ற நெருப்பு உலகத்துக்குப் போகும்போது. நாய் தானாக வேறு உலகத்துக்குத் தாவி வராது. வாசலின் அருகே நிற்கவிட்டால் தள்ளுமுள்ளில் தவறி உள்ளே வந்துவிடும். அங்கே தரையெல்லாம் லாவா.

படகிலும், எலிட்ரா என்ற பறக்கும் சிறகிலும் தூரம் போகும்போது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது நாய் கறுப்பன் நின்றுகொண்டிருக்கும்போதே படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தாவி வந்துவிடுவான் என்று நினைப்பு. வரவில்லை. உங்களைச் சுற்றி அவன் நிற்கத் தரை வேண்டும். அதோடு நீங்கள் வேகமாக விலகினால் அவன் நிற்கும் பகுதியே நினைவிலிருந்து இறங்கிவிடும். அந்தப் பகுதி அப்படியே உறைந்துவிடும், அதிலிருந்து யாரும் தாவி வர முடியாது. மூன்று விளையாட்டு நாள் அவனைக் கண்ட இடமெல்லாம் தேடினேன். கடைசியில் கிளம்பிய அதே கரைக்குப் போய்ப் பார்த்தால், மணல் விளிம்பில் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தான். நான் இருபது அடி நெருங்கியதும் ஓடி வந்தான். ஆகவே நாய் காணோம் என்றால் புதிய இடங்களில் தேடாதீர்கள். கடைசியாகச் சேர்ந்து நின்ற இடத்துக்குப் போங்கள்.

கடலைத் தாண்டிக் கூட்டிப்போகத்தான் வேண்டும் என்றால், நீங்கள் ஏறாமல், காலிப் படகை நாயின் மேல் படும்படி தள்ளுங்கள். அது ஏறிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் ஏறி ஓட்டலாம். கரை சேர்ந்ததும் படகை உடைத்தால் நாய் இறங்கும்.

இன்னொரு பொறி. உட்கார்ந்திருக்கும் நாய்க்கு அடி பட்டால் எழுந்துவிடும். எழுந்த நாய் உங்களைத் தேடி வரும். வீட்டில் உட்கார வைத்த நாய் திடீரென்று சுரங்கத்தில் உங்கள் பக்கத்தில் நின்றால், வீட்டில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள். வேலையை நிறுத்திவிட்டு, அதை அங்கேயே உட்கார வைத்து, மேலே போய்ப் பாருங்கள். எனக்கு ஒருமுறை கூரையில் விட்ட ஒரு பிளாக் ஓட்டை வழியாக அம்பு வந்திருந்தது.

5. பூனை: பொறுமை உள்ளவர்களுக்கு

நாய் கிரீப்பரைத் தொடாது என்றேன் அல்லவா, அந்தக் குறையைத் தீர்ப்பது பூனை. கிரீப்பர்கள் பூனையிடமிருந்து 6 பிளாக் தள்ளியே இருக்கும். சரியாகத் தூங்காமல் ஆடினால் வானத்திலிருந்து வரும் ஃபேன்டம் 16 பிளாக் தள்ளி நிற்கும். வாசலுக்கு ஒரு பூனையை உட்கார வைத்துவிட்டால் வீடு உடைவது பெரும்பாலும் நின்றுவிடும். நான் நாயை விடப் பூனையைத்தான் முதலில் பழக்கச் சொல்வேன், எலும்புக்கூடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை.

தெருப்பூனைகள் கிராமங்களில் திரியும். காட்டில் இருக்கும் புள்ளி போட்ட ஓசிலாட் வேறு. 2019இல் வந்த 1.14க்குப் பிறகு அதைப் பழக்கிப் பூனையாக்க முடியாது. பழைய வீடியோக்களைப் பார்த்து மீனோடு காட்டுக்குள் போய்விடாதீர்கள்.

பழக்கும் விதம் இப்படி. பூனையைப் பார்த்ததும் ஓடாதீர்கள். சில பிளாக் தள்ளி நின்று, பச்சை மீனைக் கையில் எடுத்துக்கொண்டு, அசையாமல் இருங்கள். மவுஸையும் திருப்பாதீர்கள். பூனை தலையைத் தூக்கிப் பார்க்கும். ஓர் அடி வைக்கும், நிற்கும். மறுபடி இரண்டடி. இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்பட்டு முன்னால் நகர்கிறார்கள், அது சிட்டாகப் பறந்துவிடும். உங்கள் காலடிக்கு வரும்வரை காத்திருந்து அப்போது மீனைக் கொடுங்கள். படியாவிட்டாலும் மீன் கையில் இருக்கும்வரை அது அருகிலேயே நிற்கும், அடுத்ததைக் கொடுங்கள்.

பழகாத பூனை நிரந்தரம் இல்லை. நீங்கள் தூரம் போனால் மறைந்துவிடலாம். அழகாக ஒன்றைப் பார்த்தால், மீன் பிடித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போகாதீர்கள். மீனோடு போவதுதான் சரி.

வீட்டில் ஒரு தொல்லை உண்டு. நிற்கும் பூனை பெட்டியின் மேல் ஏறி உட்காரும், அது இறங்கும்வரை பெட்டி திறக்காது. பெட்டி இருக்கும் அறையில் பூனையை எப்போதும் தரையில் உட்காரவைத்தே வையுங்கள். ஆனால் இரவில் ஒரு பூனையை மட்டும் எழுப்பி விடுங்கள். கட்டிலில் உங்களோடு வந்து படுக்கும், விடிந்ததும் ஏதாவது கொண்டுவந்து தரும். அந்த வாய்ப்பு 70 சதவீதம். முயல் கால், இறகு, நூல், எப்போதாவது ஃபேன்டம் சவ்வு.

6. குதிரை

வெறுங்கையோடு ரைட் கிளிக் செய்து ஏறுங்கள். தள்ளிவிடும். மறுபடி ஏறுங்கள். குதிரைக்குள் இணக்கம் என்று ஓர் எண் இருக்கிறது, அது பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை தள்ளிவிடும்போதும் அது 5 கூடும். எண் கூடக்கூடப் படியும் வாய்ப்பும் கூடும். ஆகவே எந்தக் குதிரையும் கடைசியில் படியாமல் போகாது. பெரும்பாலும் ஏழெட்டு முறைக்குள் முடிந்துவிடும். அவசரம் என்றால் சர்க்கரை, கோதுமை, ஆப்பிள் இவற்றில் ஒன்று கொடுத்தால் தலா 3 கூடும். கோல்டன் ஆப்பிள் 10 கூட்டும், ஆனால் அதற்கு 8 தங்கக் கட்டி ஆகும். பழக்குவதற்காக அதைச் செலவு செய்யாதீர்கள், பின்னால் குட்டிக்குத் தேவைப்படும்.

பழகியதும் சேணத்தைப் போடும் முன் அந்தக் குதிரை வைத்துக்கொள்ளத் தகுந்ததா என்று பாருங்கள். குதிரைக்குக் குதிரை வேறுபாடு அதிகம். உயிர் ஏழரை இதயத்திலிருந்து 15 வரை. வேகம் விநாடிக்கு 5 பிளாக்குக்குக் கீழே இருந்து 14க்கு மேல் வரை. நீங்கள் ஓடும் வேகமே 5.6. ஆக, உங்களை விட மெதுவாகப் போகும் குதிரையும் உண்டு. ஏறியதும் திரையில் இதயங்கள் தெரியும். வேகத்தைப் பார்க்கச் சமவெளியில் நூறு பிளாக் ஓட்டுங்கள். பத்து விநாடிக்குள் தாண்டினால் நல்ல குதிரை.

குதிரை நாயைப் போலப் பின்னால் வராது. விட்ட இடத்தைச் சுற்றியே மேயும். இறங்கும் ஒவ்வொரு முறையும் கயிற்றால் வேலித் தூணில் கட்டுங்கள். நான் எப்போதும் இரண்டு வேலிக்கட்டையும் ஒரு கயிறும் கையில் வைத்திருப்பேன். பழைய பதிப்புகளில் ஆழமான தண்ணீரில் உங்களை இறக்கிவிடும், சாதாரணப் படகிலும் ஏறாது. ஆகவே ஆறு குறுக்கே வந்தால் சுற்றிப் போங்கள், அல்லது பாலம் போடுங்கள். பலர் ஆடும் இடத்தில் குதிரையில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். சேணத்தைக் கழற்றி வைத்துவிட்டால், சொந்தச் சேணம் கொண்டுவராத யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாது.

7. கிளி

மழைக்காட்டில் கிடைக்கும். 3 இதயம்தான், குட்டி போடாது. அழகுக்காக மட்டும் வளருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரிய எச்சரிக்கை: குக்கீ கொடுக்காதீர்கள். உடனே செத்துவிடும். கிளி பழக்கப் போகும்போது சாப்பாட்டுக்குக் குக்கீ எடுத்துப் போகவே வேண்டாம். தோளில் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு அடி பட்டாலோ தண்ணீரில் இறங்கினாலோ மேட்டிலிருந்து குதித்தாலோ இறங்கிவிடும். இறங்கியதைக் கவனிக்காமல் போவதால்தான் பெரும்பாலான கிளிகள் தொலைகின்றன.

8. சாப்பாடும் கவசமும்

நாயின் உயிரை அதன் வாலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மேலே தூக்கியிருந்தால் நலம். தொங்கத் தொங்க அபாயம். எந்த இறைச்சியும் தின்னும். ஜாம்பி விடும் அழுகிய சதை நமக்கு ஆகாது, நாய்க்கு ஒன்றும் செய்யாது. அதைத் தூக்கி எறியாமல் வீட்டு வாசலில் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். செலவில்லாத மருந்து.

முழு உயிரோடு இருக்கும் இரண்டு நாய்களுக்கு இறைச்சி கொடுத்தால் குட்டி பிறக்கும். வேண்டுமென்றே செய்தால் சரி. வால் தூக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் கொடுத்துக்கொண்டே போனால் வீடு நிறைந்துவிடும். குட்டி பெரிதாக 20 நிமிடம், தாய்க்கு அடுத்த குட்டிக்கு 5 நிமிடம். நெரிசலான இடத்தில் விலங்குகள் சுவருக்குள் மாட்டி மூச்சுத் திணறிச் சாகும். ஓர் அறைக்கு ஐந்தாறுக்கு மேல் வைக்காதீர்கள்.

நாய்க்கவசம் 1.20.5இல் வந்தது. அதற்கு அர்மடில்லோ என்ற விலங்கின் ஓடு 6 வேண்டும். சவானாவிலும் பேட்லேண்ட்ஸிலும் அர்மடில்லோ இருக்கும். தூரிகையால் தேய்த்தால் ஓடு விழும். தூரிகைக்கு ஓர் இறகு, ஒரு செம்புக் கட்டி, ஒரு குச்சி. ஒரு தூரிகை நான்கு தடவைதான் தாங்கும். எனவே ஒரு கவசத்துக்கு இரண்டு தூரிகை செய்துகொண்டு போங்கள். எனக்கு நான்கு ஓட்டோடு நின்றுபோய், செம்பு தேடித் திரும்ப வேண்டியதாயிற்று. கவசம் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும், விரிசல் தெரிய ஆரம்பித்ததும் இன்னொரு அர்மடில்லோ ஓட்டால் ரைட் கிளிக் செய்தால் சரியாகும். தண்ணீரில் மூழ்குவதிலிருந்தும் சுவருக்குள் மாட்டுவதிலிருந்தும் அது காப்பாற்றாது.

9. பெயரும் பதிவேடும்

பழகிய விலங்கு தானாக மறையாது. அதற்காகப் பெயர்ச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் பெயர் வைத்தால் இறந்தபோது எது இறந்தது, எதனால் இறந்தது என்று திரையில் வரும், தவறு எங்கே என்று புரியும். சீட்டை அன்வில் என்ற பட்டடையில் வைத்துப் பெயர் எழுத ஒரு அனுபவ லெவல் செலவாகும். சீட்டு கிடைக்கும்வரை கழுத்துப் பட்டைக்கு நாய்க்கு நாய் வேறு சாயம் பூசி அடையாளம் வையுங்கள்.

ஒரு புத்தகம், ஓர் இறகு, ஒரு மைப்பை சேர்த்தால் எழுதும் புத்தகம் கிடைக்கும். அதில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வரி: பெயர், பட்டையின் நிறம், எங்கே உட்கார வைத்தேன். இடத்தை எண்ணாக எழுதுங்கள். ஜாவாவில் எஃப் 3 விசையை அழுத்தினால் எக்ஸ், ஒய், இசட் தெரியும். பெட்ராக்கில் உலக அமைப்பில் ஆயத்தொலைவைக் காட்டும் தெரிவை இயக்குங்கள். வழியில் நாயை உட்கார வைத்துவிட்டுப் போகும்போது இந்த எண்ணைக் குறிக்காமல் ஒரு அடிகூட எடுக்காதீர்கள். மலையடிவாரத்தில் ஒரு மரத்தடியில் என்று எழுதி வைத்த ஒரு பக்கம் என் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மரம் எது என்று இன்றுவரை தெரியவில்லை.

புதிய பதிப்புக்கு மாறும் முன்பும் பெரிய பயணத்துக்கு முன்பும் உலகத்துக்கு ஒரு நகல் எடுங்கள். ஜாவாவில் உலகத்தைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் பக்கத்திலேயே அதற்குப் பட்டன் இருக்கிறது. ஒரு நிமிடம் ஆகாது.

10. நடுவழியில் நீங்கள் இறந்துவிட்டால்

நாய் கூட இருக்கும்போது நீங்கள் இறந்து, தூரத்தில் உள்ள உங்கள் கட்டிலில் எழுந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாய் நீங்கள் இறந்த இடத்திலேயே நிற்கும். அந்தப் பகுதி உறைந்துவிட்டதால் யாரும் அதைத் தாக்கவும் முடியாது. கட்டில் பக்கத்திலேயே இருந்தால் தாவி வந்துவிடக்கூடும்.

உடனே வெறுங்கையோடு ஓடாதீர்கள். நீங்கள் அருகில் போகும் நொடியில் அந்த இடம் மறுபடி ஓடத் தொடங்கும். உங்களைக் கொன்ற எதிரியும் அங்கேயே நிற்பான், கீழே விழுந்த பொருட்களின் 5 நிமிடக் கணக்கும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதலில் வீட்டிலேயே ஒரு வாளும் கேடயமும், நாலைந்து இறைச்சியும் எடுத்துக்கொள்ளுங்கள்; கட்டிலை வீட்டில் போடச் சொன்னது இதற்காகத்தான். இரவாக இருந்தால் படுத்து விடியவிடுங்கள். பகலில் போங்கள். எதிரியை முடித்துவிட்டு, பொருட்களைப் பொறுக்கும் முன் நாய்க்கு இறைச்சி கொடுத்து, வால் மேலே வரும்வரை பாருங்கள். அப்புறம் அதை உட்கார வைத்துவிட்டு மற்றதை எடுங்கள்.